மாதவியும் குறிஞ்சாவும்: ஆட்பெயராகும் தாவரங்கள் பற்றி

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே கிடக்கும் கிண்ணியாப் பகுதியின் ஊர்ப்பெயர்களை ஒருங்கு வைத்து நோக்குவோர்க்கு அவற்றின் அமைப்பு எளிதிற் புலனாகும். ஆலங்கேணி, ஈச்சந்தீவு, பூவரசந்தீவு, கண்டல்காடு, குறிஞ்சாக்கேணி என்பன அவற்றுட் சில. மரமோ கொடியோ முன்னிற்க, கேணியோ தீவோ காடோ பின்வருகின்றது. ஒரு நிலத்திற் குடியேறியோர் கண்ணெதிரே எது நின்றதோ அதனையும், எந்நிலத்தில் நின்றதோ எங்கே நீர் முகந்தனரோ அதனையும் சேர்த்துச் சொன்ன சொற்கள் இவை. இவற்றைச் சூட்டுதற்குப் புலவர் எவரும் வேண்டப்படவில்லை.

இவ்வூர்களில் வாழும் மனிதரின் பெயர்களுக்கு வருவோமாயின் அங்கும் தாவரங்கள் உள்ளன. குறிஞ்சாக்கேணியில் யாஸ்மின்களும் ரைஹானாக்களும் உளர். அயலிலுள்ள ஆலங்கேணியில் மல்லிகாவும் கமலாவும் துளசியும் உளர். துறைமுக நகரின் சிங்களக் குடும்பங்களில் மானெல், நெலும், குமுது எனப் பெண்களை அழைக்கக் கேட்கலாம். ஆயினும் ஆலோ ஈச்சையோ கண்டலோ குறிஞ்சாவோ ஒரு பிள்ளைக்குப் பெயராகி நான் கேட்டதில்லை. ஊருக்குப் பெயரான தாவரம் வேறு. ஆளுக்குப் பெயரான தாவரம் வேறு. இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றிற்று, ஆட்பெயராகிய தாவரத்தை இலக்கியம் எவ்வாறு கையாண்டுள்ளது என்னும் இரு வினாக்களையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது வினாவுக்குச் சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரியிறுத்த காதையில் ஒரு சிறு பகுதி விடை தருகிறது என்பது என் எண்ணம்.

முதலில் குறிஞ்சாவைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். அது மலைநிலத்துக் குறிஞ்சிப்பூ அன்று. ஒலியொப்புமை காரணமாக இரண்டையும் ஒன்றெனக் கொள்வார் பலர். நான் மாணவனாயிருந்தபோது என் ஊர்ப்பெயரைக் கட்டுரை ஏட்டில் எழுத, ஆசிரியர் ஒருவர் அதனைக் 'குறிஞ்சிக்கேணி' எனச் சிவப்பு மையினால் திருத்தித் தந்தார். இலக்கியம் அறிந்தவர், நல்லெண்ணத்தோடுதான் திருத்தினார். மலையே இல்லாத களப்போரத்திற் குறிஞ்சி எவ்வாறு பூக்கும் என்று கேட்க எனக்கு அன்று தெரியவில்லை. நீலகிரியிலும் மூணாற்றிலும் பன்னீராண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி ஒரு புதர்ச்செடி. 2006ஆம் ஆண்டிலும் 2018ஆம் ஆண்டிலும் பூத்தது. அதன் இனத்தனவாகிய 'நெலு' எனச் சிங்களத்தில் வழங்கும் செடிகள் நம் நாட்டில் ஹோட்டன் சமவெளியில் உள்ளன. குறிஞ்சாவோ வேலியிலும் பற்றையிலும் படரும் கொடி. சிறுகுறிஞ்சா, பெருங்குறிஞ்சா என இரண்டாக அதனை வழங்குவர். சிறுகுறிஞ்சாவுக்குச் சர்க்கரைக்கொல்லி என்றும் பெயர். அதன் இலையை மென்ற பின்னர்ச் சீனியை வாயிலிட்டால் இனிப்புத் தோன்றாது. மணலைத் தின்பது போலவே இருக்கும். எங்கள் வீடுகளிற் குறிஞ்சா இலையை மெல்லிதாக அரிந்து தேங்காய்ப்பூ இட்டுச் சுண்டல் செய்வர், இலைக்கஞ்சியிலும் சேர்ப்பர். கைப்புடையது. பூ மிகச் சிறியது, மங்கிய மஞ்சள் நிறத்தது. எவரும் அதனைத் தலையிற் சூடியதில்லை.

அவ்வாசிரியரின் திருத்தத்தைத் தனியொருவரின் பிழையாக நான் கருதவில்லை. வேலியில் நிற்கும் கொடியை அகற்றிவிட்டு அவ்விடத்தில் நூலில் நிற்கும் பூவை வைப்பது படித்தோர் மனத்தின் பொதுப் போக்கு. வரலாறும் சில வேளைகளிற் பெயரிலிருந்து தாவரத்தை அகற்றிவிடுகிறது. 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் குறிஞ்சாக்கேணிக் களப்பில், பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இடத்தில், மக்களை ஏற்றிச் சென்ற பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். நாட்டின் ஏனைய பகுதியினர்க்கு அன்றுமுதல் அது ஒரு விபத்தின் பெயர். 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் பயணிகள் நடுக்கடலிற் கொல்லப்பட்டதன் பின்னர் நெடுந்தீவாருக்குக் 'குமுதினி' என்னும் சொல் ஆம்பலை நினைவூட்டுமோ? அது படகின் பெயர். பின்னர் அந்நாளின் பெயர்.

ஆட்பெயராகும் தாவரங்களை இனி நோக்குவோம். ஒரு தாவரம் மனிதர்க்குப் பெயராதற்கு அழகோ மணமோ மட்டும் போதுமானதாகத் தெரியவில்லை. கைப்பு ஒரு தடையும் அன்று. வேம்பு என்னும் பெயருடையார் தமிழகத்தில் உளர். வேப்பமரம் அம்மனுக்கு உரியது; வேப்பம்பூ பாண்டியர் சூடிய பூ. சோழர்க்கு ஆத்தியும் சேரர்க்குப் பனம்பூவும் அவ்வாறே. துளசி திருமாலுக்கு உரியது. தாமரை திருமகளின் இருக்கை. ரைஹான் என்னும் நறுமணச் செடி திருக்குர்ஆனில் 'அர்ரஹ்மான்' அத்தியாயத்திலும் 'அல்வாகிஆ' அத்தியாயத்திலும் பேசப்படுகின்றது. இவ்வாறு நோக்குமிடத்து, தாவரம் ஒன்று மனிதர் பெயராகு முன்னர்க் கோயிலின் வழியாகவோ அரசவையின் வழியாகவோ நூலின் வழியாகவோ கடந்து வரவேண்டியிருந்தது எனலாம். அடுக்களை வழியாக வந்தது ஊருக்குப் பெயராகலாம்; பெண்ணுக்குப் பெயராவதில்லை. குறிஞ்சாவுக்குத் தெய்வமும் இல்லை, மன்னனும் இல்லை, வேதமும் இல்லை; சட்டி மட்டுமே உண்டு.

விதிவிலக்குகள் உள என்பதை மறைக்க வேண்டியதில்லை. பூவரசு வேலிமரம், கன்றுக்கு நிழலும் ஏருக்குத் தடியும் தருவது. அது பூவரசன் என ஆண்பெயராகியுள்ளது. ஆனால் அப்பெயரைச் சூட்டுவோர் காதில் விழுவது மரமன்று. பூவும் அரசனும் என நான் எண்ணுகிறேன். சங்கப் புலவருள் மாங்குடி மருதனார், மதுரை மருதன் இளநாகனார் எனும் பெயர்களில் மருதமரம் நிற்கிறது. அது ஆற்றங்கரை மரமாக நின்று பெயராயிற்றா, அன்றித் திணைப்பெயராக உயர்ந்த பின்னர்ப் பெயராயிற்றா என்பது ஆராயத்தக்கது. மாங்குடி என்னும் ஊர்ப்பெயரோ ஐயத்துக்கு இடமின்றி நேரானது.

நூலின் வழியாக வந்த தாவரம் தன் உருவத்தை வழியிலேயே இழந்துவிடுவதும் உண்டு. இதற்குத் தாமரையை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. கமலா, பத்மா, சரோஜா, பங்கஜம், அம்புஜம், நளினி, அரவிந்தன், இராஜீவன் அனைத்தும் அவ்வொரு பூவின் பெயர்களே. ஒரு வீட்டில் மூத்தவள் கமலா, நடுவிலாள் சரோஜா, இளையவள் நளினி என்றிருத்தலை நாம் கண்டிருக்கிறோம். பெற்றோர் மூன்று பெண்களுக்கும் ஒரே பெயரைச் சூட்டியுள்ளனர். அவர்களுக்கும் அது தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. சிங்களத்தில் மானெல் என்னும் பெயர் இன்னும் பூவுக்கு அணித்தாகவே உள்ளது. நீலோற்பலமாகிய நில் மானெல் 1986ஆம் ஆண்டில் நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டதும் அதற்குத் துணை செய்திருக்கலாம்.

பெயர்களைத் தமிழ்ப்பெயர், பிறமொழிப்பெயர் என இரு கூறாக்கி மதிப்பிடும் வழக்கமொன்று நம்மிடை நெடுங்காலம் இருந்துவருகிறது. வேதாசலம் மறைமலையாகியதும் சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞராகியதும் தமிழ்மொழி வரலாற்றிற் பொருளுடைய நிகழ்ச்சிகள். அவற்றைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று. எனினும் இந்த அளவுகோலைக் கையிற் கொண்டு, முல்லை என்னும் பெண் தமிழ்ப் பெயருடையாள், மல்லிகா பாதி, யாஸ்மின் அந்நியள் என வரிசைப்படுத்துவோர் செடியை ஒருமுறையேனும் திரும்பிப் பார்த்ததில்லை. யாஸ்மின் பாரசீகச் சொல். அரபியில் வழங்கி உலகெங்கும் பரவியது. தாவரவியலார் முல்லையையும் மல்லிகையையும் உள்ளடக்கிய இனத்துக்குச் சூட்டிய 'ஜஸ்மினம்' என்னும் பெயர் அச்சொல்லின் வழிவந்ததே. ஆகவே கார்காலத்து முல்லைக்கொடியின் அறிவியற் பெயரிலேயே யாஸ்மின் இருக்கிறாள்.

ரைஹானின் செய்தி இதனினும் சுவையானது. அரபியில் ரைஹான் நறுமணத் தாவரங்களுக்குப் பொதுப்பெயராகவும், சிறப்பாக ஒரு செடியின் பெயராகவும் வழங்குகிறது. அச்செடிக்கு நம் தமிழ்ப் பெயர் திருநீற்றுப்பச்சை. திருநீற்றின் பெயர் தாங்கிய செடியும், குர்ஆனிற் பேசப்படும் பெயர் தாங்கிய செடியும் ஒன்றே. துளசியும் அதே இனத்தின் மற்றொரு வகை. குறிஞ்சாக்கேணியின் ரைஹானாவும் ஆலங்கேணியின் துளசியும் ஒரு குடும்பத்துச் செடிகளின் பெயரைத் தாங்கிய உடன்பிறப்புகள். இரண்டு ஊர்களுக்கும் இடையே 1980களின் பின்னர் நேர்ந்தவற்றை அறிந்தோர்க்கு இச்செய்தி வெறும் தாவரவியலாகத் தோன்றாது.

ஈண்டு உமறுப்புலவரையும் நினைக்க வேண்டும். சீறாப்புராணத்தின் தொடக்கப் படலங்களில் அரபு நாட்டைப் பாடுமிடத்துத் தமிழ்நாட்டு வயலையும் பொழிலையும் அவர் அங்கே கொண்டு சென்று வைத்தார். இதனை மரபு என ஏற்போரும் பொருந்தாமை எனப் பழிப்போரும் உளர். நான் கவனிக்க விரும்புவது வேறொன்று. புலவர் தமிழ்த் தாவரங்களை அரபு நிலத்துக்கு அனுப்பினார். அவரைப் படித்த மக்களின் வழிவந்தோர் பாரசீகத்துப் பூவையும் அரபுச் செடியையும் தம் தமிழூர்ப் பிள்ளைகளுக்குப் பெயராக வரவழைத்தனர். இரு செயலும் ஒரே மனத்தின் இரு பக்கங்கள். அரபுத் தோட்டத்தில் யாஸ்மின் பூப்பதை எங்களூர்த் தாய்மார் கண்டதில்லை; வாசலில் நிற்கும் மல்லிகையைக் கண்டிருந்தனர். இரண்டையும் அவர்கள் இணைத்து எண்ணினரோ இல்லையோ, பெயர் தாவரத்தைத் தேடவில்லை.

தமிழ்ச் செய்யுள் மரபின் தொடக்கத்தில் நிலைமை முற்றிலும் வேறாயிருந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் முதலிய பெயர்கள் தாவரப் பெயர்களே. ஆனால் அவை ஆளுக்கு இடப்படவில்லை, நிலத்துக்கும் ஒழுக்கத்துக்கும் இடப்பட்டன. அதே மரபு, அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்றும் விதித்தது. இவ்விரு செய்திகளும் தொல்காப்பியத்தில் உள்ளன. இரண்டையும் இணைத்து நோக்குதல் வேண்டும். தாவரம் பெயர் பெற்றது, மனிதர் பெயரிழந்தனர். பெயரற்ற பெண்ணொருத்தி முல்லை பூத்த புறவை நோக்கி நிற்கும்போது பூ அவளைப் பற்றிப் பேசிவிடுகிறது. அவளுக்குத் தனிப்பெயர் வேண்டுவதில்லை. பேராசிரியர் சிவத்தம்பி 1970களில் திணைக் கோட்பாட்டைச் சமமற்ற சமூக வளர்ச்சியின் அடிப்படையில் விளக்கினார். அவ்விளக்கம் நிலங்களுக்கிடையிலான வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது. நிலத்துக்கு ஏன் பூவின் பெயர் என்னும் வினா அவ்விளக்கத்துக்கு அப்பாலும் எஞ்சி நிற்கிறது.

காப்பியம் வந்தபோது மனிதர்க்குப் பெயர் வேண்டியதாயிற்று. இளங்கோவடிகள் பெயரிடுதலைப் பொருட்படுத்தும் புலவர். கோவலனின் குலத்தோன் ஒருவனைக் கடலிற் காத்த தெய்வத்தின் பெயர் மகளுக்கு இடப்பட்ட கதையை அடைக்கலக் காதையில் மாடலன் வாய்மொழியாக விரிக்கிறார். மகளின் பெயருக்கு இவ்வாறு வரலாறு உண்டு. தாயின் பெயருக்கோ வேறுவகை வரலாறு. சாபத்தால் மண்ணிற் பிறந்த உருப்பசி மாதவி எனப்பட்டாள். அவள் வழிவந்தவள் இந்த மாதவி. குலத்தொழிலோடு வந்த பெயர், குலத்தொழில் போலவே கைம்மாறி வந்த பெயர் அது. மாதவி என்பது குருக்கத்திக் கொடியின் வடமொழிப் பெயருமாகும். அரங்கேற்று காதையில் இத்தாவரப் பொருளுக்கு வேலையில்லை. அங்கே அவள் ஆடல் பயின்ற மகள், அவ்வளவே.

வேனிற்காதையில் முதன்முறையாக அப்பூ தோன்றுகிறது. கானல்வரியின் பின்னர்ப் பிரிந்து சென்ற கோவலனுக்கு மாதவி மடல் எழுதுகிறாள். பித்திகை அரும்பு எழுத்தாணி. செம்பஞ்சுக் குழம்பு மை. தாழை மடல் ஏடு. அம்மடலைச் சூழ்ந்த தொடையலிற் சண்பகம், தமாலம், மல்லிகை முதலியவற்றோடு மாதவிப்பூவும் கட்டப்பட்டுள்ளது. மாதவி தன் பெயருடைய பூவையும் சேர்த்தே அனுப்பினாள். புலவர் இதனை வற்புறுத்திக் கூறவில்லை. பூக்களின் வரிசையில் ஒன்றாக வைத்துவிட்டுச் செல்கிறார். வசந்தமாலை கொண்டு சென்ற அம்மடலைக் கோவலன் ஏற்கவில்லை. அவள் செய்தன அனைத்தும் வரிக்கூத்தின் வகைகள் என ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணி, ஆடல் மகளுக்கு இவை இயல்பு என மறுத்துவிடுகிறான். அலங்காரம் மிகுந்த மடல் அலங்காரமாகவே வாசிக்கப்பட்டது. கொய்து கட்டிய பூவும் ஒப்பனையின் பகுதியாகிவிட்டது.

இதன் மறுதலையே புறஞ்சேரியிறுத்த காதை. மதுரைச் செலவின் இடையே, விடியற்காலத்தில், கண்ணகியையும் கவுந்தியையும் காவலான ஓரிடத்தில் இருத்திவிட்டுக் கோவலன் நீர்நிலையை நாடிச் செல்கிறான். மாதவியின் தூதனாகிய கோசிகன் அங்கே அவனைக் காண்கிறான். ஆயினும் அடையாளம் தெரியவில்லை. துயரால் உருவம் திரிந்துபோயிற்று. ஐயுற்ற கோசிகன் நேரே வினவாமல், அருகில் நின்ற குருக்கத்திப் பந்தரை அடைந்து கொடியை நோக்கிப் பேசுகிறான்: கோவலனைப் பிரிந்த மாதவி போலவே, மாதவியே, நீயும் இக்கொடிய வேனிலுக்கு மலர் இழந்து வருந்தினாய் போலும் என்பது அவன் கூற்றின் கருத்து. அது கேட்ட கோவலன், நீ கூறியது யாது என வினவுகிறான். தேடியவன் கிடைத்துவிட்டான்.

இதனைச் சிலேடை நயம் எனக் கூறி மேற்செல்வது நம் வகுப்பறைகளின் வழக்கம். சிலேடை என்னும் சொல் இங்கு நிகழ்வதைச் சிறுமைப்படுத்துகிறது. கண் செய்ய இயலாததைச் செவி செய்கிறது. முகம் காட்டித் தராத மனிதனைப் பெயர் காட்டித் தருகிறது. அதனினும் முக்கியமானது, கோவலன் முன்னர்ச் சாட்டிய குற்றத்துக்கு இக்கொடி விடையாக அமைதல். மாதவியின் துயரம் கூத்து என்பது அவன் வழக்கு. வேனிலில் மலர் உதிர்த்து நிற்கும் கொடி கூத்தாடுவதில்லை. அதன் வாட்டத்துக்குப் பார்வையாளன் வேண்டுவதில்லை. அக்கொடியோடு ஒப்பிடப்பட்ட கணத்திலேயே மாதவி அரங்கிலிருந்து இறக்கப்பட்டு வெயிலில் நிறுத்தப்படுகிறாள். முதல் மடலோடு சென்ற மாதவிப்பூ கொய்யப்பட்டது, தொடுக்கப்பட்டது, தோற்றது. இங்கே நிற்பது வேரூன்றிய கொடி, பூவும் இல்லை, வென்றது. கோசிகன் கொணர்ந்த இரண்டாம் ஓலையும் அத்தன்மையதே. தொடையல் இல்லை, மண் இலச்சினை மட்டும், அதில் அவள் கூந்தலின் மணம். அதனைப் படித்த கோவலன் குற்றம் அவளதன்று, தனதே என உணர்கிறான். அதே ஓலையைத் தன் பெற்றோருக்கு அனுப்புகிறான்.

சொல்லாட்சியில் ஒரு நுட்பம் உண்டு. கொடியை மாதவி என விளிப்பவன் கோசிகன். கதை கூறும் புலவரோ தம் கூற்றாக வருமிடத்தில் அதனைக் 'குருகு' என்கிறார். அதற்குச் சில அடிகள் முன்னர், கோவலனின் பெருமூச்சை உலைக்களத் துருத்திக்கு ஒப்பிடும்போது துருத்தியைக் குறிக்க ஆண்ட சொல்லும் குருகே. வெதும்பிய மூச்சு விடுபவனுக்கும் வெயிலில் வாடும் கொடிக்கும் ஒரு சொல். புலவர் இதனைத் திட்டமிட்டாரா என்பதை நிறுவ இயலாது. நிறுவ வேண்டியதும் இல்லை. நாட்டார் வாயில் வழங்கிய பெயரும் நூல்வழி வந்த பெயரும் ஒரே பந்தரின்கீழ் இருப்பதே கவனிக்கத்தக்கது. குருகு இல்லாமல் மாதவி இருந்தால் அது பெயர் மட்டுமே. மாதவி இல்லாமற் குருகு இருந்தால் கோவலன் திரும்பியிருக்க மாட்டான்.

உ. வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டிற் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்த பின்னர்ப் பள்ளியும் மேடையும் 1964ஆம் ஆண்டின் 'பூம்புகார்' திரைப்படமும் மாதவியின் கதையைப் பெருவழக்காக்கின. கிழக்கிலங்கையிற் கண்ணகியின் பெயர் கோயில் வழியே வந்தது. மாதவியின் பெயரோ பெரிதும் நூல் வழியது. இன்று மாதவி எனப் பெயருடையாரைக் கேட்டால் நாட்டியக்காரியின் பெயர் என்பர். குருக்கத்தியைச் சொல்வார் அரியர்.

தற்கால நாவலிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டுக் காட்டலாம். நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' தமிழகத்திலும் ஈழத்திலும் ஒரு தலைமுறை வாசகரின் மனத்தை ஆட்கொண்டது. அரிதிற் பூக்கும் பூவுக்கு அரிய பெண்ணை ஒப்பிடுவது அதன் தலைப்பின் கருத்து. ஒப்பீடு தெளிவானது, எனக்கு அது மிகையாகவே தெளிவானது. பூவின் பண்புகளுள் ஒன்று மட்டும், அதன் கால இடைவெளி மட்டும், எடுத்துக்கொள்ளப்பட்டுப் பெண்ணின் மேல் முத்திரையாகக் குத்தப்படுகிறது. பூவுக்குத் தாகமும் இல்லை, வெயிலும் இல்லை. கோசிகனின் கொடிக்கு இரண்டும் இருந்தன. வாசகர் பலர் தம் பிள்ளைகளுக்குப் பூரணி என்றும் அரவிந்தன் என்றும் பெயரிட்டனர் என்பது யாவரும் அறிந்த செய்தி. குறிஞ்சியைப் பாடிய நூலிலிருந்து வாசகர் எடுத்துச் சென்ற தாவரப் பெயர் தாமரை. அதனையும் தாமரை என்று அறியாமலே எடுத்துச் சென்றனர். இது ஆசிரியரின் குறையன்று. இலட்சிய மாந்தரின் பெயர் பரவும் விதம் அது. டொமினிக் ஜீவா 1966ஆம் ஆண்டு தொடங்கிய சஞ்சிகைக்கு 'மல்லிகை' எனப் பெயரிட்டபோது அப்பூவின் மணத்தைக் கருதினாரோ எளிமையைக் கருதினாரோ அறியோம்; 2012ஆம் ஆண்டுவரை அதனைப் படித்த நமக்கு மல்லிகை என்பது அச்சு மையின் மணமாகிவிட்டது. அதுவும் ஒரு பயன்பாடே.

உரைகாரர் 'குருகு' என்பதற்குக் குருக்கத்தி எனப் பொருளெழுதி நிறுத்தினர். அவர்கள் காலத்து மாணாக்கனுக்கு அது போதும். அக்கொடியை அவன் அறிந்திருந்தான். நம் பாடநூல்களும் அதே சொல்லையே தருகின்றன, சில 'ஒருவகைக் கொடி' என முடித்துவிடுகின்றன. பூ வெண்மையானது, இதழோரம் கிழித்த துணி போன்றது, ஓரிதழில் மட்டும் மஞ்சள் தீட்டியிருக்கும், இளவேனிலில் நறுமணத்தோடு கொத்தாகப் பூக்கும், பின்னர் மூன்று சிறகுடைய காய் காற்றிற் சுழன்று பறக்கும் என நான்கு வரி எழுதினால் மாணவன் கோசிகனோடு அப்பந்தரின்கீழ் நிற்பான். 'மாதவியின் பாத்திரப் படைப்பை விளக்குக' என்னும் வினாவுக்கு விடையெழுதும் மாணவருள் இக்கொடியைக் குறிப்பிட்டவரை நான் இதுவரை கண்டதில்லை. வினாத்தாளைத் தயாரிப்போரும் அதனை எதிர்பார்ப்பதில்லை. சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது உம்மம்மாவிடம் குருக்கத்தியை விவரித்துக் கேட்டேன். அப்படியொரு கொடியைத் தாம் காணவில்லை என்றார். தின்னலாமா என்று வினவினார்.